புழக்கடைக் குட்டை: இடமும் வடிகாலும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

வீட்டின் பின்புறத்தே சிறிது நிலமுடைய அங்கத்தினர் பலர், அதில் ஒரு குட்டை வெட்டிக்கொள்ள விரும்புகின்றனர். விருப்பம் போற்றற்குரியதே. காய்கறிப் பாத்திக்கு நீர், கால்நடைகளுக்குக் குடிநீர், வீட்டுக்கு வேண்டிய மீன், கிணற்றுக்கு ஊற்று ஆகிய நன்மைகள் ஒரு சிறு குட்டையால் விளையக்கூடும். ஆயினும் குட்டை வெட்ட முனைவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எத்தனை அடி ஆழம் வெட்டலாம்?” என்பதாகும். அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “குட்டை நிரம்பிய பின் வரும் நீர் எவ்வழியே போகும்?” என்பதே அது. இதற்கு விடை கண்ட பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தல் தகும்.

நம் நாட்டு ஏரிகளை அமைத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நீர் வருவதற்கு வரத்துக்கால், பாசனத்துக்கு விடுவதற்கு மதகு, மிகுநீர் கழிவதற்குக் கலிங்கு என மூன்றையும் வகுத்தனர். கலிங்கின் மட்டம் கரையின் மட்டத்துக்குக் கீழாகவே இருக்கும். ஓர் ஏரியின் கலிங்கு நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும் வண்ணம் பல ஏரிகள் தொடராக அமைந்துள்ளன. புழக்கடைக் குட்டையும் ஒரு சிற்றேரி என்றே கொள்ளுதல் வேண்டும்.

1. நீரின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். இக்கணக்கு ஒன்றே போதும்.

10 சென்ட் மனை ஏறத்தாழ 400 சதுர மீட்டராகும். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அம்மனைமீது விழும் நீர் 40,000 லிட்டர். இதில் பாதி மண்ணில் ஊறிவிடினும் மீதி 20,000 லிட்டர் ஓடிவரும். மேற்புறத்தில் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும், 1½ மீட்டர் ஆழமும், சாய்ந்த பக்கங்களும் உடைய குட்டை ஏறத்தாழ 58,000 லிட்டர் கொள்ளும். ஆகவே இத்தகைய மழை மூன்று பெய்தால் குட்டை நிரம்பிவிடும். நான்காவது மழையின் 20,000 லிட்டரும் வேறிடம் தேடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடுத்தடுத்துப் பெய்வதை நாம் அறிவோம். நாம் வழி வகுத்து வைக்காவிடின், அந்நீர் தனக்குத் தோன்றிய வழியில் செல்லும்.

2. இடந்தேர்தல்

மனையில் மிகத் தாழ்ந்த இடமே குட்டைக்கு ஏற்றது என்பது பொதுவான எண்ணம். இது பாதியளவே உண்மை. மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் எளிதாக வந்து சேரும். ஆனால் அங்கிருந்து தானே வெளியேறாது. தெருச் சாக்கடையும், வயலில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சமும் அங்கேயே வந்து தங்கும். ஆதலின், தாழ்ந்த இடத்துக்குச் சற்று மேலே, கீழ்ப்புறத்தில் வாழையோ தென்னையோ தீவனப்புல்லோ பயிரிடத்தக்க நிலம் இருக்குமாறு குட்டையை அமைத்தல் நன்று. மிகுநீர் அப்பயிருக்குப் பாயும்.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார் கையாளும் கண்ணாடிக் குழாயே போதுமானது. நீர் நிரப்பிய அக்குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அதைக்கொண்டு இடத்துக்கிடம் உள்ள ஏற்றத்தாழ்வை அளந்துவிடலாம். இதனினும் எளிய வழியொன்று உண்டு. பெருமழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு மனையை ஒரு முறை சுற்றி வருக. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பவற்றை முளையடித்துக் குறித்துக்கொள்க.

கழிவறைத் தொட்டிக்கும் குட்டைக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும். பெருமரங்களின் அடியில் குட்டை ஆகாது. உதிர்ந்த இலைகள் நீரில் அழுகும்; வேர்கள் கரையைத் துளைக்கும். மீன் வளர்ப்பதாயின், நாளில் பாதி நேரமேனும் வெயில் விழுதல் நன்று.

3. தறிக்குழிக்கு ஒரு விதி

நெசவாளர் வீடுகளில் மற்றோர் இன்றியமையாத செய்தியையும் கருதுதல் வேண்டும். குழித்தறியில் நெய்வோர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி தரைமட்டத்துக்கு இரண்டு, இரண்டரை அடி கீழே உள்ளது. குட்டையின் நீர்மட்டம் அதைவிட உயர்ந்து நின்றால், மண்ணினூடே கசியும் நீர் குழியைத் தேடி வரும்.

சென்ற ஆண்டுக் கார்த்திகையில், தணிக்கையின் பொருட்டுச் சென்ற ஓர் ஊரில் நான் கண்டது இங்குக் குறிப்பிடத்தக்கது. நெசவாளர் ஒருவர், தறிக்கூடத்தின் பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் குட்டை வெட்டியிருந்தார். வடிகால் வைக்கவில்லை. குட்டையில் விளிம்புவரை நீர் நின்றது. தறிக்குழியில் முழங்காலளவு நீர் ஊறி, மிதிகட்டைகள் மூழ்கிக் கிடந்தன. பாதி நெய்த பாவு தறியிலேயே நின்றது. நீரை இறைக்க இறைக்கக் குழி மறுபடியும் நிறைந்தது. “மீன் வளர்க்கக் குட்டை வெட்டினேன், தறியிலேயே மீன் விடலாம் போலிருக்கிறதய்யா” என்று அவர் கூறியபோது அங்கிருந்தோர் எவரும் சிரிக்கவில்லை. கரையை வெட்டிவிடின் நீர் அடுத்த வீட்டாரின் களத்தில் பாயும். அதற்கு அவர் இசையவில்லை. ஈற்றில், எதிர்ப்புறத்துத் தென்னம்பாத்தி வழியே கால்வாய் எடுத்து, நீர்மட்டத்தை மூன்றடி தாழ்த்திய பின்னரே குழி உலர்ந்தது. கால்வாய்க்கு ஆனது இரண்டு ஆட்களின் இரண்டு நாட் கூலி. அதற்குள் அவர் இழந்ததோ ஒன்றரை மாத நெசவுக் கூலி.

ஆகவே விதி இது: குட்டையின் நிறைமட்டம் தறிக்குழியின் அடிமட்டத்துக்கு ஓரடியேனும் கீழே இருக்கட்டும், தறிக்கூடத்துக்கும் குட்டைக்கும் 30 அடியேனும் இடைவெளி இருக்கட்டும். இதற்கு இடங்கொடாத மனையில் குட்டை வேண்டா. வெட்டிய மண்ணையும் வீட்டுப்புறம் குவித்தலாகாது; குவித்தால் மழைநீர் கரைக்கும் சுவருக்கும் இடையே தேங்கும்.

சாயமிட்ட நீரும், பாவுக்குப் போட்ட கஞ்சியின் கழிவும் குட்டையில் சேரலாகாது. கஞ்சி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும்.

4. மண்ணும் ஆழமும்

ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பென்சிலளவு திரியாக்கிப் பார்க்க. உடையாமல் நின்றால் களிச்சத்து உண்டு, நீர் நிற்கும். உதிர்ந்துவிடின் மணற்பாங்கு, நீர் இறங்கிவிடும். மேலும், சிறு குழியொன்று தோண்டி நீர் நிரப்பிப் பார்க்கலாம். முதல் நாள் நீரை உலர்ந்த மண் குடித்துவிடுமாதலால், மறுநாள் மீண்டும் நிரப்பியே கணித்தல் வேண்டும். கிணற்றுக்கு ஊற்று வேண்டுவோர்க்கு நீர் இறங்குவது நன்மை. மீன் வேண்டுவோர்க்கு அது நட்டம். பின்னவர் களிமண் பரப்பி மிதித்து இறுக்கலாம், அல்லது பண்ணைக் குட்டைக்கென விற்கும் கனத்த விரிப்பை இடலாம்.

கார்த்திகையில் கிணற்று நீர் தரைக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதையும் காண்க. குட்டையின் அடிமட்டம் அதனினும் தாழ்ந்திருந்தால் அப்பருவத்தில் அதை வடிக்க இயலாது. விரிப்பிட்டிருப்பின் அடியிலிருந்து ஊறும் நீர் அதை மேலே தூக்கிவிடும்.

கோடை வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாயினும், நூறு நாளில் அரை மீட்டர் குறைந்துவிடும். ஆதலின் மீனுக்கு 5 அடி ஆழம் வேண்டும். பக்கங்கள், களிமண்ணில் ஓரடி ஆழத்துக்கு ஓரடியும், மணற்பாங்கான மண்ணில் ஓரடிக்கு இரண்டடியும் சாய்ந்திருத்தல் வேண்டும். செங்குத்தாக வெட்டிய பக்கம் முதல் மழையிலேயே சரியும்.

5. வடிகால் அமைத்தல்

நான்கு அங்குலக் குழாயொன்றைக் கரையின் அடியே பதித்து, உட்புற முனையில் முழங்கைக் குழாயும் அதன்மேல் நிற்கும் குழாயும் பொருத்துக. நிற்கும் குழாயின் தலைமட்டமே குட்டையின் நிறைமட்டம். அதைச் சாய்த்தால், வெளிநிலத்தின் மட்டம் வரை நீர் தானே வடியும். அதற்குக் கீழுள்ளதை இறைத்தல் வேண்டும். குழாயின் வாயில் வலை கட்டுக. குழாயைச் சுற்றிக் களிமண்ணை நன்கு இடித்து நிரப்புக. இன்றேல் நீர் குழாயை ஒட்டியே அரித்துக்கொண்டு போகும்.

குழாயை மட்டும் நம்புதல் கூடாது. இலையும் சருகும் ஒரே இரவில் அதை அடைத்துவிடும். குழாயின் தலைமட்டத்துக்கு அரையடி மேலே, கரையில் இரண்டடி அகலத்தில் கல் பாவிய திறந்த வழியொன்று வைக்க. கரையின் உச்சி அவ்வழிக்கு ஓரடி மேலே நிற்கட்டும். நீர் விழும் இடத்திலும் கல் பரப்புக.

கழியும் நீரை அடுத்தவர் நிலத்தில் விடுதல் வழக்குக்கு வித்தாகும். பொது வடிகாலில் விடுவதாயின் ஊராட்சியின் இசைவைப் பெறுக. அக்கம்பக்கத்து அங்கத்தினர் மூவர் நால்வர் ஒன்றுகூடிப் பொதுவான கால்வாய் ஒன்றை எடுத்துக்கொண்டால் செலவும் பங்கிடப்படும், பூசலும் எழாது.

6. காவல்

சிறு குழந்தை மூழ்குவதற்கு ஓரடி நீரே போதும். ஆகவே நீர் நிரம்புமுன் வேலியும் கதவும் அமைதல் வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது இதில் கூடாது. ஒரு பக்கத்தில் படிகள் வைக்க. கரையோரக் களைகளை நீக்கி மீன் விட்டால் கொசுப்புழு பெருகாது.

பங்குனி முதல் ஆனி வரை வெட்டுதற்கு ஏற்ற காலம். ஐப்பசி மழைக்குள் கரை இறுகிவிடும். வேலையைத் தொடங்குமுன் முதலில் வடிகாலின் இறுதி முனையிலும், அடுத்து நிறைமட்டத்திலும், கடைசியாகக் குட்டையின் எல்லையிலும் முளையடித்துக்கொள்க.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க:

1. உங்கள் மனையின் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? 100 மில்லிமீட்டர் மழையில் அதன்மீது விழும் நீர் எத்தனை லிட்டர்?

2. தறிக்குழியின் அடிமட்டத்துக்கும் நீங்கள் கருதும் நிறைமட்டத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. மிகுநீர் உங்கள் மனையைவிட்டு எவ்விடத்தில் வெளியேறும்? அங்கு நிலமுடையவர் இசைந்துள்ளாரா?