கல்லுக்கு மேலே கால்: வீட்டுச் சவுனா அமைப்பது குறித்து ஒரு கடிதம்



வீட்டில் வெப்பக் குளியலறை அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் அடுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விலைப்பட்டியலைப் புரட்டி, பார்வைக்கு அழகான மின்னடுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை வைக்க ஓர் அறையைத் தேடி, அந்த அறையின் மூலையில் இரண்டு பலகைகளை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும், 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாக மதிப்பிடப்படும் பின்லாந்தில், இந்தக் கலையை நன்கறிந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் முதலில் கேட்பது, உள்ளே உட்காருபவரின் பாதம் எந்த உயரத்தில் இருக்கப்போகிறது என்பதைத்தான். கட்டடக் கலை பயிலும் ஒருவருக்கு இந்தக் கேள்வியின் காரணம் விளங்கிவிட்டால், மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே வந்து சேரும்.

முதலில் இருவேறு அறைகளைப் பிரித்தறிய வேண்டும். சவுனா என்பது உட்புறம் முழுவதும் மரப்பலகை பதித்த சிறு அறை. கல் நிரப்பிய அடுப்பு ஒன்று அதன் காற்றை 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. காற்றின் ஈரப்பதம் பொதுவாக 10 முதல் 20 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. நீராவி அறை இதற்கு நேர்மாறானது. தனியே நிறுவப்படும் சிறு கொதிகலன் அனுப்பும் ஆவியால் நிரம்பும் அந்த அறையின் வெப்பம் 40 முதல் 50 டிகிரிக்குள் அடங்கிவிடும், ஈரப்பதமோ 100 விழுக்காட்டை நெருங்கிவிடும். கட்டுமானப் பொருள்கள் அனைத்தையும் இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது. நீராவி அறையின் தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் நீர்க்காப்புப் பூச்சின் மேல் டைல்ஸ் பதித்து, கூரையில் படியும் நீர் உட்கார்ந்திருப்பவர் தலையில் சொட்டாமல் சுவர்வழியே வடியும்படி கூரைக்கும் வாட்டம் கொடுத்து, ஆவி கசியாத கதவு மாட்ட வேண்டும். நீர் கடினத்தன்மை உடையதாக இருந்தால் கொதிகலனுக்குள் படியும் சுண்ணாம்பை அவ்வப்போது நீக்கவும் வேண்டும். அந்த ஈரத்தில் சவுனாவின் மரப்பலகை உளுத்துப்போகும். நீராவி அறையின் டைல்ஸுக்குள் சவுனாவின் அனலை ஏற்றினாலோ, சுவரே வெப்பத்தைக் குடித்துவிடும், சாய்ந்தவர் முதுகும் சுடும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்த பிறகே அளவுநாடாவைக் கையில் எடுக்க வேண்டும். கல்லும் இல்லாமல் நீரும் ஊற்றாமல் உடலை நேரடியாகச் சூடேற்றும் அகச்சிவப்புப் பெட்டிகள் விலையில் மலிவாகவும் இடத்தில் சிக்கனமாகவும் இருந்தாலும், அவற்றைச் சவுனா என்று விற்பதைப் பின்லாந்துக்காரர்கள் ஏற்பதில்லை. இந்தக் கடிதம் இனிச் சவுனாவைப் பற்றியே பேசும்.

பின்லாந்தில் ஒரு சவுனாவின் தரத்தை வெப்பமானி சொல்வதில்லை. கல்லின் மேல் ஓர் அகப்பை நீரை ஊற்றும்போது எழும் ஆவியும் அது உடலைத் தழுவும் விதமுமே சொல்கின்றன. ‘லோய்லு’ என்று அவர்கள் அழைக்கும் இந்த ஆவியின் செயலை இயற்பியல் எளிதில் விளக்குகிறது. காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீர்த்துளியாக மாறத் தொடங்குமோ, அது பனிநிலை எனப்படும். 80 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றின் பனிநிலை ஏறத்தாழ 39 டிகிரி; சவுனாவில் உட்கார்ந்திருப்பவரின் தோலும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில்தான் இருக்கிறது. இந்த நிலையில் 200 மில்லி நீர் கல்லில் பட்டு 300 லிட்டருக்கும் மேற்பட்ட ஆவியாக விரியும்போது, பனிநிலை தோலின் வெப்பத்தைத் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த நீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல, ஆவி தோலின் மேல் நீராகப் படிகிறது. அப்படிப் படியும்போது அது தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது நீரை ஆவியாக்கச் செலவான வெப்பம் முழுவதையும், உடலில் இறக்கிவிடுகிறது. தோள்பட்டையில் சுரீரென்று பரவி, சில நொடிகளில் தணியும் அந்த அனல் இதுதான். அறையின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலேயே இது நிகழ்கிறது என்பதால், வெப்பமானியை 100க்கு விரட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை.

எழுந்த ஆவி எங்கே போகிறது என்பதே அடுத்த கேள்வி. சுற்றியுள்ள காற்றைவிட இலேசான ஆவி நேரே கூரைக்கு ஏறி, அங்கே பரவி, பிறகு மெல்லக் கீழிறங்குகிறது. வெப்பக் காற்றும் அவ்வாறே மேலே தேங்குகிறது. அடுப்பின் மேற்கல்லுக்குக் கீழே உள்ள காற்று எப்போதும் குளிர்ந்தே கிடப்பதால், தாழ்வான பலகையில் உட்காருபவருக்குக் காது எரியும், கணுக்கால் சில்லிடும். அவர் மேலும் சூடேற்றுவார். காது மேலும் எரியும். இதிலிருந்து பிறந்ததே, உட்காருபவரின் பாதம் மேற்கல்லின் மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்ற பின்லாந்து விதி.

இந்த விதியைக் கணக்கில் இட்டுப் பார்த்தால் அறையின் உயரம் தானே கிடைத்துவிடும். மின்னடுப்பின் மேற்கல் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், கால் வைக்கும் பலகை 85 செ.மீ.யில் அமையும், அதற்கு மேல் 45 செ.மீ. உயர்ந்து, உட்காரும் பலகை 130 செ.மீ.க்கு வரும், உட்காரும் பலகைக்கும் கூரைக்கும் இடையே 110 முதல் 120 செ.மீ. விட வேண்டும்; ஆக, கூரை 240 முதல் 250 செ.மீ. உயரத்தில் நிற்கும். கடைகளில் பெட்டியாக வாங்கி வைக்கும் சவுனாக்களும் அடுக்குமாடி வீடுகளின் சிறு சவுனாக்களும் பெரும்பாலும் 210 செ.மீ. அளவில் முடிந்துவிடுகின்றன, அங்கே கால் குளிர்வதற்கு அடுப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. கூரையை உயர்த்த வழியில்லாத இடத்தில், உயரமான தூண்வடிவ அடுப்பைத் தவிர்த்து மேற்கல் தாழ்ந்திருக்கும் அடுப்பை வாங்குவதும், தலை முட்டாத அளவுக்குப் பலகையை மேலே தள்ளுவதுமே செய்யக்கூடியவை. கூரையை வரம்பில்லாமல் உயர்த்துவதும் தவறு. ஆவி மேலேயே தங்கிவிடும். தம்பேரே நகரின் பிஸ்பலா பகுதியில் 1906 முதல் இயங்கிவரும் ராயபோர்த்தி போன்ற பழைய பொதுச் சவுனாக்களில், படியேறிச் சென்று உட்காரும் உயர்ந்த மேடையைப் பார்த்தால், அக்காலத்துக் கொத்தனார்கள் இதை எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பது புலப்படும். பலகை உயர உயர, கால் இடறி அடுப்பின் மேல் விழும் அபாயமும் கூடுவதால், அடுப்பைச் சுற்றி மரக் கைப்பிடி அமைப்பதை யாரும் மறக்கலாகாது.

அடுப்பின் திறனுக்கு இப்போதுதான் முறை வருகிறது. நன்கு வெப்பக்காப்பு செய்த அறைக்கு ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. 2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 7.7 கன மீட்டர். ஏறத்தாழ 8 கிலோவாட் போதும். ஆனால் கண்ணாடி, செங்கல், டைல்ஸ் ஆகியவை வெப்பத்தை உறிஞ்சுவதால், வெப்பக்காப்பில்லாத அத்தகைய பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 முதல் 1.5 கன மீட்டர் வரை கூட்டிக்கொள்ள வேண்டும், 1.5 சதுர மீட்டர் கண்ணாடிக் கதவு ஒன்றே இந்த அறையை 9 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட அடுப்புக்கு இட்டுச் சென்றுவிடும். ஒரு சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கும் இன்றைய மோகம் படத்தில் அழகாக இருக்கிறது. அதன் செலவை மின்கட்டணத்தில்தான் பார்க்க முடியும். 9 கிலோவாட் அடுப்பு முக்கால் மணி நேரம் முழுத்திறனில் எரிந்தால் ஏறத்தாழ 7 யூனிட் செலவாகும். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் அது ஒவ்வொரு முனையிலும் 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால், தனி இணைப்பும் வெப்பம் தாங்கும் கம்பியும் வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சவுனாவுக்குள் பிளக் பாயின்ட் வைக்கக் கூடாது. வெப்ப உணர்கருவியைத் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் பொருத்தாமல் வசதிப்பட்ட இடத்தில் மாட்டினால், அது பொய்யான வெப்பத்தை அறிவித்து, அடுப்பை நேரத்துக்கு முன் அணைக்கவோ அளவுக்கு மேல் எரியவிடவோ செய்யும்.

விறகடுப்பா, மின்னடுப்பா என்பதை வீட்டின் இருப்பிடம் முடிவு செய்யும். தனி வீட்டிலும் ஏரிக்கரைக் குடிலிலும் விறகடுப்பு இன்பமானது. ஆனால் அதற்குப் புகைபோக்கியும், மரச்சுவருக்கும் அடுப்புக்கும் இடையே தயாரிப்பாளர் விதித்த பாதுகாப்பு இடைவெளியும் வேண்டும். புகைபோக்கியை உரிய காலத்தில் தொழில்முறைத் துப்புரவாளரைக் கொண்டு சுத்தம் செய்யவும் வேண்டும். கங்கு முற்றிலும் அணையும் முன் புகைபோக்கியின் தடுப்பை மூடினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் தேங்கி உயிரைப் பறிக்கும். புகைபோக்கியே இல்லாமல், பல மணி நேரம் விறகெரித்து, புகையை வெளியேற்றிய பின்னரே உள்ளே நுழையும் பழைய புகைச் சவுனாவின் ஆவி மிக மென்மையானது என்பதில் பின்லாந்தில் கருத்து வேறுபாடு இல்லை. அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதிலும் இல்லை. வீட்டோடு ஒட்டிக் கட்டத் தக்கதன்று அது.

சுவரின் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரியாதது என்பதால்தான் அதில் ஏமாற்று மிகுதி. சட்டங்களுக்கு இடையே கனிமக் கம்பளி அடைத்து, அதன் உட்புறம், அதாவது வெப்பமான பக்கத்தில், அலுமினியத் தாளை விரித்து, இணைப்புகள் ஒவ்வொன்றையும் அலுமினிய நாடாவால் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்ட ஓர் இணைப்பின் வழியே ஆவி கம்பளிக்குள் புகுந்து, குளிர்ந்த இடத்தில் நீராகி, சில ஆண்டுகளில் சட்டத்தை அழுகவைத்துவிடும். தாளுக்கும் பலகைக்கும் இடையே 2 முதல் 3 செ.மீ. காற்றிடைவெளி இருந்தால்தான் பலகையின் பின்புறம் உலரும். தரையை நீர்க்காப்புப் பூச்சோடு வடிகாலை நோக்கி வாட்டமாக அமைக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் கூடாது, மயங்கும் நிலையில் உள்ளவர் சாய்ந்தாலே திறந்துகொள்ள வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, சுவருக்கு ஸ்புரூஸ் போதும். உட்காரும் பலகைக்கு ஆஸ்பென், ஆல்டர் அல்லது ஆப்பிரிக்காவின் அபாச்சி மரம் ஏற்றது. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் இவை உடலைச் சுடுவதில்லை. பைன் மரத்தின் கணுவிலிருந்து கசியும் பிசின் சூட்டோடு தொடையில் ஒட்டிக்கொள்ளும். திருகாணிகளைப் பலகையின் அடிப்புறமிருந்து முடுக்க வேண்டும். மேலே தெரியும் ஆணித்தலை சூடு போட்டுவிடும்.

காற்றோட்டத்தில் கஞ்சத்தனம் செய்பவர்கள் வெப்பத்தைச் சேமிப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் மூச்சுமுட்டிப் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள். அறைக் காற்று மணிக்கு ஆறு முறையாவது மாற வேண்டும். விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் வீட்டில், புதுக்காற்று மின்னடுப்புக்கு மேலே நுழைந்து, ஏறும் வெப்பத்தோடு கலந்து, உட்காருபவர்களைக் கடந்து, எதிர்ப்புறம் பலகைக்கு அடியில் வெளியேறுவது சிறந்த வழி. கூரையோரம் இன்னொரு துளை இருக்கட்டும். அது குளித்து முடித்த பின் அறையை உலர்த்தத் திறப்பதற்கு மட்டுமே.

உடல்நலத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை அளந்து ஏற்க வேண்டும். கிழக்குப் பின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், வாரம் 4 முதல் 7 முறை சவுனா சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, சவுனாதான் காரணம் என்று நிறுவவில்லை. உறுதியற்ற இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்க வேண்டும். மது அருந்திவிட்டு நுழைவது எவருக்கும் ஆகாது. ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்துவந்த உலகச் சவுனாப் போட்டி, 110 டிகிரியில் யார் அதிக நேரம் தாங்குவது என்ற பந்தயமாக இருந்தது. 2010இல் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒருவர் உயிரிழந்ததோடு அது நின்றுபோனது. பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது அது போற்றியது, குடும்பமும் நண்பர்களும் நிதானமாக அமர்ந்திருக்கும் வழக்கத்தையே.

இறுதியாகக் கற்கள். ஒலிவின் டயபேஸ், பெரிடோடைட் போன்ற அடர்ந்த பாறைகளின் துண்டுகள், வெப்பமும் திடீர்க் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கினாலும் நெடுநாள் உடையாமல் தாங்குகின்றன. ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல் உள்ளே ஈரம் வைத்திருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். மின்னடுப்புக்குப் பொதுவாக 5 முதல் 10 செ.மீ. அளவுள்ள கல் ஏற்றது. கழுவிய பின், பெரியதை அடியிலும் சிறியதை மேலும், காற்று புகும்படி தளர்வாக அடுக்க வேண்டும். இறுக்கி அடைத்தால் சூடேற்றும் கம்பிகள் அதிகமாகச் சூடேறிக் கருகிவிடும். 20 கிலோ கல் கொண்ட அடுப்பு விரைவில் சூடாகி, குத்தும் ஆவியைத் தரும். 100 கிலோ கொண்டது பொறுமையைக் கேட்டு, நீண்ட, மென்மையான ஆவியைத் தரும். அன்றாடம் பயன்படுத்தும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கற்களை எடுத்து, பொடிந்தவற்றை நீக்கி, மறுபடி அடுக்க வேண்டும். கடல்நீரை ஊற்றினால் அது அடுப்பின் உலோகத்தை அரிக்கும். அடுப்புக்கு மேலே துணி உலர்த்தக் கூடாது. அது தீவிபத்தில்தான் முடியும். குளித்து முடித்ததும், ஆளில்லா அறையில் அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டுப் பலகைகளை உலர்த்தி, பிறகு அணைத்து, மேல் துளையைத் திறந்துவிட வேண்டும்.