வால்வு மாற்றிய முதல் மூன்று மாதம்

கேள்வி: என் ராத்தாவுக்கு வயது 34. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் வால்வு பழுதாகி, இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மைட்ரல் வால்வை மாற்றி மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். இரவில் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று கேட்பதால் தூங்கமாட்டேன் என்கிறார். போன கிழமை ஐ.என்.ஆர். 1.8. "வோபரின் எலி மருந்து, அதை விட்டுவிட்டு ஹிஜாமா செய்யுங்கள்" என்கிறார் ஒரு சொந்தக்காரர். நோன்பும் வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: சத்தத்தை விடுங்கள், எனக்குக் கவலை அந்த 1.8தான். மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு உள்ளவருக்கு ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு, பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காமல் நாளைக்கே அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குளிசையை வீட்டில் நீங்களாகக் கூட்டக் கூடாது. கூட்டிய அளவின் பலன் தெரியவே இரண்டு மூன்று நாளாகும்.

ஐ.என்.ஆர். குறைந்தால் ரத்தம் கட்டியாகும். முதல் மூன்று மாதத்தில்தான் அந்த ஆபத்து அதிகம். வால்வைச் சுற்றித் தைத்த துணி வளையத்தின் மேல் உடம்பின் சொந்தச் சவ்வு இன்னும் முழுதாகப் படர்ந்திருக்காது. அங்கே கட்டி பிடித்தால் வால்வின் இதழ் சிக்கும். துண்டொன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம். வால்வு உடைவது மிக அரிது. தொல்லை பெரும்பாலும் ரத்தத்திலிருந்துதான் வருகிறது.

எலி மருந்து என்பது உண்மைதான். 1948இல் எலிக்கு விற்றார்கள், 1954இல் மனிதருக்கு அனுமதித்தார்கள், அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கொடுத்தார்கள். ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லாத புதிய குளிசையொன்றை, டபிகட்ரானை, மெக்கானிக்கல் வால்வுக்காரருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் 2012இல் நிறுத்தப்பட்டது. ஆகவே வோபரினை விட முடியாது.

தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா வேண்டவே வேண்டாம். கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது. கிருமி உள்ளே போனால் வால்வில் போய்க் குடியேறும். நோவுக்குப் பனடோல் போதும், டைக்ளோபெனக் கூடாது. வாதக் காய்ச்சலுக்குப் போட்டுவரும் பெனிசிலின் ஊசியைக் கிளினிக்கில் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வல்லாரை, முருங்கை இலை சாப்பிடலாம். ஆனால் இலை வகை வோபரினின் வேலையை மாற்றும் என்பதால், ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை தொடாமல் விடுவதுதான் பிழை.

அந்த 'டிக்', இதழ்கள் மூடும் சத்தம். நாட்பட அநேகருக்குப் பழகிவிடும். சத்தம் திடீரென்று மங்கினாலோ மூச்சு முட்டினாலோ, பேச்சுக் குழறினாலோ கை கால் தளர்ந்தாலோ, அந்த நிமிடமே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோய், மெக்கானிக்கல் வால்வு என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இந்த வருடம் அவர் நோன்பு பிடிப்பதை நான் விரும்பவில்லை. ஐ.என்.ஆர். நிலைகொள்ளவில்லை, உடம்பில் நீர் குறைவதும் நல்லதல்ல. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்யலாம். அடுத்த வருடத்துக்குக் கிளினிக்கில் கேட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வோபரின் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். ராத்தாவும் மச்சானும் பிள்ளைக்கு எண்ணினால், கர்ப்பமாவதற்கு முன்பே இருதய கிளினிக்கில் பேச வேண்டும்.