நாளை மறுநாள் இன்டர்வியூ, இன்னும் ஒண்ணுமே படிக்கலையே!

அழைப்புக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படிக்கலாம், படிக்கலாம் என்று தள்ளிப்போட்டாயிற்று. இப்போது இரண்டே நாள்தான் பாக்கி. புத்தகத்தைத் திறந்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை, மூடி வைத்தால் தூக்கம் வரவில்லை. "போகாமலே இருந்துடலாமா?" என்று மனசு கேட்கிறது. நீங்கள் இந்த நிலையில் இருந்தால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். போங்கள். போகாதவருக்குப் பூஜ்யம் நிச்சயம். போனவர் எவ்வளவு திணறினாலும் ஏதோ ஒரு மதிப்பெண்ணோடுதான் வெளியே வருவார். பலருக்கு இது தெரியும், ஆனாலும் கடைசி நாளில் பஸ் ஏறாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் படிப்பு இல்லை, பயம்.

"ஒண்ணுமே தெரியலை" என்பது உண்மைதானா?

நியாயவிலைக் கடை விற்பனையாளர் பணியை எடுத்துக்கொள்வோம். விற்பனையாளருக்கு பிளஸ் டூ, கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி என்பதால் கிராமத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் நேர்முகத்துக்கு முதல் நாள் கண் கலங்க வந்து நின்றார். "சார், பொது அறிவு புக் ஒண்ணும் முடிக்கலை" என்றார். புத்தகத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக் குடும்ப அட்டையைப் பற்றிக் கேட்டேன். அட்டையில் என்ன குறியீடு இருக்கிறது, மாதம் என்னென்ன பொருள் வரும், பாட்டிக்குக் கைரேகை பதியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அம்மாவோடு சின்ன வயசிலிருந்து அந்த வரிசையில் நின்றவர் ஆயிற்றே!

அவரிடம் இருந்தது அனுபவ அறிவு. அதற்கு அலுவலகப் பெயர்களை ஒட்டுவதுதான் மீதி வேலை. தமிழ்நாட்டில் குடும்ப அட்டை ஐந்து வகை: முன்னுரிமை, அந்தியோதயா, முன்னுரிமையற்றது, சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பர் 1. ஸ்மார்ட் அட்டைகள் 2017-ல் வழங்கப்பட்டன. புகாருக்கு 1967. கைரேகை விழாதவர்களுக்காகக் கருவிழிப் பதிவும் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அந்தப் பக்கத்தை அவர் அன்று ராத்திரி மூன்று முறை படித்தாலே போதும் என்றேன். மற்ற பொது அறிவை விட்டுவிடச் சொன்னேன்.

உங்கள் வேலைக்கும் இப்படி ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். அந்த வேலையில் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன நடக்கும், யார் வருவார்கள், எதில் சண்டை வரும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். இரண்டு நாளில் இருபது புத்தகத்தைப் புரட்டுவதால் பயம்தான் கூடும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

அநேகமாக முதலில் வருகிற கேள்வி இதுதான். இதற்கு ஒரு பக்கக் கட்டுரையை மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். நாலு செய்தி போதும்: ஊர், படிப்பு, இப்போது செய்யும் வேலை அல்லது வீட்டுப் பொறுப்பு, இந்தப் பணிக்கு ஏன் வந்தீர்கள். வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வார்த்தைகளை அப்போதைக்கு வருகிறபடி விட்டுவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது பழக்கம் ஆகாது. வீட்டில் தம்பியையோ சித்தியையோ நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வருவதிலிருந்து ஒத்திகை பாருங்கள். அவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். "தெரியவில்லை ஐயா, தெரிந்துகொள்கிறேன்" என்ற பதிலை மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பழகி வையுங்கள். இந்த வாக்கியம் வாயில் தயாராக இல்லாதவர்கள்தான் உளறுகிறார்கள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை. தெரிந்த மாதிரி கதை விட்டால், அதிலிருந்தே அடுத்த கேள்வி வரும்!

உடம்பு ஏன் இப்படிப் பண்ணுகிறது?

பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கை சில்லிடுகிறது. பெரிய காரியம் ஒன்று வரும்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து தன்னைத் தயார் செய்துகொள்வதன் அடையாளம் இது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். எனவே நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரியாமல் பத்து முறை செய்யலாம். சின்ன வாட்டர் பாட்டில் ஒன்று கூட இருக்கட்டும்.

"பயப்படாதே, அமைதியா இரு" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது அவ்வளவாக வேலை செய்வதில்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களைப் பாட வைத்தும், மேடையில் பேச வைத்தும், கணக்குப் போட வைத்தும் பார்த்தார். "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பெயரை மாற்றிக் கூப்பிடுவது சுலபம், அடக்குவது கஷ்டம். உள்ளே போகும் முன் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், காசா பணமா!

காத்திருக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வெளியே வந்தவரைச் சுற்றிக்கொண்டு "என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க" என்று கேட்கும் கூட்டத்தில் சேராதீர்கள். அவருக்குக் கேட்டது உங்களுக்கு வராமலும் போகலாம்.

முதல் நாள் மாலையே முடிக்க வேண்டியவை

பயத்தில் பாதி சான்றிதழ்களால் வருவது. அசல்களையும் நகல்களையும் அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசைப்படியே ஒரே கோப்பில் அடுக்குங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்வழியில் படித்ததற்கான சான்று, முன்னுரிமைச் சான்று போன்றவை பொருந்துமானால் மறக்க வேண்டாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த சாதிச் சான்றோ வருமானச் சான்றோ ஒரே நாளில் கைக்கு வந்துவிடாது, ஆகவே அதை அழைப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம். நேர்முகம் நடக்கும் கட்டடம் எங்கே என்று முன்னதாகவே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். முடியாதவர்கள் காலையில் ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பயந்து நிற்பவரைத் தேடித்தான் இடைத்தரகர் வருவார். "உள்ளே நமக்கு ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா மார்க் போட்டுடுவாங்க" என்று வீட்டு வாசலிலேயே வந்து நிற்பார். அரசுப் பணித் தேர்வுக்கு அறிவிப்பில் சொன்ன விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கத் தேவையில்லை. நகை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் கொடுத்தவர்கள் வேலையும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்பதைப் பார்த்தாகிவிட்டது. அப்படி யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

இனி வருகிற வாய்ப்புகளுக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தின் மூலம் போட்டித் தேர்வு வகுப்புகள் இலவசமாக நடக்கின்றன. மாதிரி நேர்முகம் நடத்துவார்களா என்று அங்கேயே கேளுங்கள். தனியார் வேலை தேடுபவர்கள் தமிழ்நாடு தனியார் வேலை இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

நேர்முகம் முடிந்து வெளியே வந்ததும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, கேட்ட கேள்விகளை நினைவு இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் சொன்ன பதிலையும் பக்கத்தில் எழுதுங்கள், சொல்லாமல் விட்டதையும்.