மதுரைக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தபோது

"நம் தொகுதிக்கு எத்தனை எம்.பி.?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், "ஒருவர்தான் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். 1952-இல் மதுரையில் இதற்குச் சரியான விடை, இருவர். தேர்தல் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால், மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் 'தனித்தொகுதி' எளிதில் விளங்கும்.

முதல் பொதுத்தேர்தலில் மக்களவையின் 489 இடங்களுக்கு 401 தொகுதிகளே இருந்தன. அவற்றில் 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். இவற்றில் ஓர் இடம் பொது. மற்றது பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. மதுரையில் எஸ்.பாலசுப்பிரமணியமும், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் வென்றனர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது.

இதை வகுப்பிலேயே நடத்திப் பார்க்கலாம். நான்கு வேட்பாளர்கள், குலுக்கல் முறையில் இருவருக்கு நீலச் சீட்டு. (மாணவர்களின் உண்மையான சாதியை இதில் எக்காரணம் கொண்டும் கொண்டுவர வேண்டாம்.) வாக்களிக்க 40 பேர் என்றால் 80 வாக்குகள். முதலில் நீலச் சீட்டுக்காரர்களில் அதிக வாக்கு பெற்றவர் ஒதுக்கீட்டு இடத்தைப் பெறுவார். பிறகு மீதமுள்ள மூவரில் முதலிடம் பெறுபவருக்குப் பொது இடம். இப்போது நீலச் சீட்டுக்காரர்கள் 26, 22 வாக்குகளும் மற்ற இருவர் 18, 14 வாக்குகளும் பெற்றதாகக் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டு இடங்களும் நீலத்துக்கே போகும். "இது நியாயமா சார்?" என்று ஒரு குரல் எழும். எழட்டும்.

ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் 1957-இல் நடந்தது இதுதான். இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று 1959-இல் தீர்ப்பு வந்தது. 1961-இல் சட்டம் இயற்றி இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துவிட்டார்கள். மதுரை 1957-இலேயே ஓர் உறுப்பினர் தொகுதியாகியிருந்தது.

அதன்பின் தொகுதி முழுவதுமே ஒதுக்கப்பட்டது. சட்டமன்றத்தில் முன்பு சமயநல்லூர், இன்று சோழவந்தான் நமக்கு அருகிலுள்ள உதாரணங்கள். அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே வாக்களிப்பார்கள் என்று எண்ணும் மாணவர்கள் உண்டு, பெரியவர்களும் உண்டு. வாக்கு எல்லோருக்கும், வேட்பாளருக்கு மட்டுமே அந்த வரையறை. இது புரியாமல் பாடத்தை முடிக்கக் கூடாது.

பிரிட்டனில் மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. பல நாடுகளுக்குப் பொதுவான ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979-இல் நேரடித் தேர்தல் வந்தபோது, வட அயர்லாந்து நீங்கலாக 78 ஓர் உறுப்பினர் தொகுதிகளை வகுத்தார்கள். 1999-இல் அவற்றைக் கைவிட்டு, ஒரு பெரிய வட்டாரத்துக்குப் பல உறுப்பினர்கள், கட்சி பெறும் வாக்குக்கேற்ப இடங்கள் என்று மாற்றினார்கள். சிறிய கட்சிகளுக்கும் இடம் கிடைத்தது; ஆனால் "இவர்தான் எங்கள் உறுப்பினர்" என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாமல் போனது.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்வி: உன் தெருவில் குடிநீர் வரவில்லை; உன் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். யாரிடம் மனு கொடுப்பாய், ஏன்?