அருகிலுள்ள அரசும் தொலைவிலுள்ள அரசும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பேரவை நடத்திய பட்டிமன்றத்தில், "சீன மக்கள் தம் அரசை வெறுக்கின்றனர்" என்ற அணியில் நின்று பேசினேன். தணிக்கை, சிறை, 1989 சூன் 4 அன்று பெய்ஜிங் வீதிகளில் மாணவர்மீதும் தொழிலாளர்மீதும் பாய்ந்த குண்டுகள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை, பரிசும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கியதும் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் தோளைத் தட்டி, "நன்றாகப் பேசினாய் தம்பி. ஆனால் எந்தச் சீனரைக் கேட்டாய்?" என்றார்.

நான் எந்தச் சீனரையும் கேட்கவில்லை. படித்தவை அனைத்தும் மேனாட்டு இதழ்கள். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. அதற்கு விடை தேடி நூலகத்தில் கழித்த மாலைப்பொழுதுகளின் விளைவே இக்கட்டுரை.

மேனாட்டார் கண்ணில் சீனம் என்றும் ஒரே சீனமாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் வோல்டேர் போன்ற அறிஞர்கள், பகுத்தறிவால் ஆளப்படும் நாடு என்று அதனைப் போற்றினர். 1913இல் சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கில நாவலாசிரியர் ஃபூ மாஞ்சு என்ற கொடியவனைப் படைத்தார். 1931இல் பேர்ல் பக் எழுதிய 'நல்ல நிலம்', மண்ணை நேசிக்கும் பொறுமையான உழவனைக் காட்டிற்று. கொரியப் போரில் சீனர் மீண்டும் பகைவராயினர். 1972இல் நிக்சன் பெய்ஜிங் சென்று வந்தபின் நண்பராயினர். 1989க்குப்பின் மறுபடியும் நிறம் மாறியது. 2020இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணிப்பில், அமெரிக்கரில் 73 விழுக்காட்டினரும் ஸ்வீடன் நாட்டாரில் 85 விழுக்காட்டினரும் சீனத்தைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றனர். இவை யாவும் பார்ப்பவரைப் பற்றிய செய்திகள். பார்க்கப்படுபவர் என்ன சொல்கிறார்?

இங்கேதான் நான் திடுக்கிட்டேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் 2016 வரை எட்டு முறை, 31,000க்கும் மேற்பட்ட சீனரை நேரில் கண்டு கேட்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. மத்திய அரசின்மீது மனநிறைவு உடையோர் 2003இல் 86.1 விழுக்காடு, 2016இல் 93.1 விழுக்காடு. என் பட்டிமன்றப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியில் கவிழ்ந்துவிட்டது போலிருந்தது.

ஆனால் அதே அட்டவணையில் சற்றுக் கீழே வேறோர் எண் இருந்தது. நம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்ற அடிமட்ட நிர்வாகத்தின்மீது மனநிறைவு கொண்டோர் 2003இல் 43.6 விழுக்காடே! 2016இல் அது 70.2 ஆக உயர்ந்தது. அப்போதும் மத்திய அரசுக்கு மிகவும் பின்தங்கியே இருந்தது. பெய்ஜிங் நல்லது, பக்கத்து அலுவலகம் கெட்டது என்று மக்கள் கருதினர் என்பதே இதன் பொருள். அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறு. அங்கே மக்கள் தம் ஊர் நிர்வாகத்தை நம்புகின்றனர்; வாஷிங்டனைத்தான் ஐயுறுகின்றனர். அந்தக் கண்ணாடியை அணிந்தே அவர்கள் சீனத்தையும் பார்க்கின்றனர் என்று தோன்றுகிறது.

இந்தப் பிரிவினை வெறும் மனமயக்கம் அன்று. அதற்கு நிதிக் காரணம் உண்டு. 1994இல் வரி வருவாயைப் பங்கிடும் முறை திருத்தப்பட்டபோது, வருவாயின் பெரும்பகுதி மேலே சென்றது. பள்ளி, மருத்துவம், சாலை ஆகிய பொறுப்புகளோ கீழேயே நின்றன. பற்றாக்குறையை ஈடுகட்ட உள்ளூர் அதிகாரிகள் உழவரிடம் பலவகைக் கட்டணங்களை வசூலித்தனர். பின்னர் நிலத்தை எடுத்து விற்றனர். ஒரு குழந்தைக் கொள்கையின் பெயரால் வாசலில் வந்து நின்றவரும் உள்ளூர் அதிகாரியே. 2006 சனவரி முதல் நாள் வேளாண் வரியை அடியோடு நீக்கிய பெருமையோ மத்திய அரசைச் சேர்ந்தது. வாங்கும் கை அருகில், கொடுக்கும் கை தொலைவில். உழவன் யாரை வாழ்த்துவான்?

குவாங்டோங் மாநிலத்தின் வூக்கான் என்ற மீனவ ஊரில் நடந்ததைப் பாருங்கள். ஊர் நிலத்தை அதிகாரிகள் விற்றுவிட்டனர் என்று 2011இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஊர்ப் பிரதிநிதி ஒருவர் காவலில் இறந்தார். மக்கள் அதிகாரிகளை விரட்டினர். காவல்துறை ஊரைச் சுற்றி வளைத்தது. அந்த நிலையிலும் அவர்கள் எழுப்பிய முழக்கம் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிரானதன்று. மத்திய அரசு வந்து எங்களைக் காக்கட்டும் என்பதே. 2012இல் அவ்வூருக்குத் தேர்தல் கிடைத்தது. 2016இல், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இலஞ்சக் குற்றச்சாட்டில் சிறை சென்றார். மேலை இதழ்கள் 2011இல் இதனைப் புரட்சியின் தொடக்கம் என்று எழுதின. ஊராரோ மனு எழுதிக்கொண்டிருந்தனர்.

இது பழைய பழக்கந்தான். 'நீர்க்கரை' என்ற பழஞ்சீன நாவலின் தலைவன் ஊழல் அதிகாரிகளை எதிர்க்கிறான், பேரரசனை எதிர்க்கவில்லை என்று 1975இல் மா சே துங் குறைகூறினார். பேரரசருக்கு நிகராக அமர்ந்திருந்தவர் வாயிலிருந்து அச்சொல் வந்ததுதான் வேடிக்கை!

இனி 93.1 என்ற எண்ணுக்கு வருவோம். அச்சமுள்ள இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கு வாய் சொல்லும் விடையும் மனம் சொல்லும் விடையும் ஒன்றா? இதனை அறிய ஆய்வாளர் ஓர் அழகிய உத்தியைக் கையாள்கின்றனர். ஒரு குழுவினரிடம் தீங்கற்ற சில கூற்றுகளைக் கொடுத்து, எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை கூற்றுகளை ஒப்புகிறீர்கள் என்று மட்டும் கேட்பர். மற்றொரு குழுவினரிடம் அதே பட்டியலில் அரசைப் பற்றிய ஒரு கூற்றைக் கூடுதலாகச் சேர்த்துக் கேட்பர். எவர் எதனை ஒப்பினார் என்பது கேட்பவருக்கும் தெரியாது. ஆனால் இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையைக் காட்டிவிடும். 2024இல் வெளியான இத்தகைய ஆய்வு ஒன்றில், நேரடியாகக் கேட்டபோது 90 விழுக்காட்டைத் தாண்டிய ஆதரவு, இம்முறையில் 50க்கும் 70க்கும் இடையே இறங்கிற்று.

இந்த முடிவை எந்த அணியும் முழுமையாகத் தனதாக்கிக்கொள்ள முடியாது. மக்களெல்லாம் வெறுக்கின்றனர் என்ற என் பேச்சு பொய். பாதிக்கு மேற்பட்டோர் மனமொப்பி ஆதரிக்கின்றனர். ஏறக்குறைய 80 கோடிப் பேர் நாற்பதாண்டுகளில் கடும் வறுமையிலிருந்து மீண்டனர் என்று உலக வங்கி கூறும் நாட்டில் அது வியப்பும் அன்று. 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தைக் கண்ட கிழவருக்கு, நிறைந்த சோற்றுப்பானையே அரசியல் வாதம். மறுபுறம், ஐவரில் ஒருவராவது தம் கருத்தை மறைக்க வேண்டியுள்ளது என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சின்ஜியாங் முகாம்களில் அடைக்கப்பட்ட உய்கூர் மக்களை நினைத்தால், எந்த விழுக்காடும் எனக்கு ஆறுதல் தரவில்லை.

2022 நவம்பர் 24 அன்று உரும்சி நகரில் அடுக்குமாடி வீடொன்றில் தீப்பற்றிப் பத்துப்பேர் இறந்தனர். கொரோனாக் கட்டுப்பாடே அவர்கள் தப்ப முடியாமற்போனதற்குக் காரணம் என்று மக்கள் கொதித்தனர். பல நகரங்களில் இளைஞர் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளை ஏந்தி நின்றனர். ஷாங்காயில் அதிபர் சீ சின்பிங் பதவி விலக வேண்டும் என்ற முழக்கமும் எழுந்தது. அக்கட்டுப்பாட்டுக் கொள்கை பெய்ஜிங்கின் சொந்தக் கொள்கை. உள்ளூர் அதிகாரியைக் காட்டித் தப்ப வழியில்லை. சினம் அன்று முகவரி மாறிற்று. டிசம்பர் 7இல் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. தாளேந்தியவருள் சிலர் பின்னர் கைதாயினர்.

இவ்வாண்டும் பேரவைச் செயலாளர் அதே தலைப்பைச் சொல்லி, எந்த அணியில் பேசுகிறாய் என்று கேட்டார். "எந்த அரசைப் பற்றி?" என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சாளர் பட்டியலில் என் பெயர் இல்லை.