காயமுற்ற பிஞ்சு மனமும் ஆசிரியர் கடமையும்

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26. குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் உள்ள அஞ்சார் நகரில், குடியரசு தின விழாவுக்காகப் பள்ளிக் குழந்தைகள் அணிவகுத்துச் சென்றனர். அப்போது நிலம் அதிர்ந்தது. இருபுறக் கட்டிடங்களும் சரிந்து 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவிடம் 2022-இல் திறக்கப்பட்டது.

இத்தகைய பேரிடரில் உயிர் பிழைக்கும் குழந்தையின் உடற்காயம் விரைவில் ஆறலாம். மனக்காயம் வெளியே தெரிவதில்லை. மனநல மருத்துவர்கள் எல்லா ஊர்களிலும் இல்லை. பெற்றோருக்கு அடுத்தபடியாகக் குழந்தையை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே. அதனால்தான் 1999 ஒரிசா புயல், குஜராத் நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை ஆகியவற்றுக்குப் பின், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர் மக்களுக்கே மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தது.

ஆசிரியர் பெற வேண்டிய பயிற்சியில் ஐந்து கூறுகள் முக்கியமானவை.

1. அறிதல்: சிறு ஓசைக்கும் நடுங்குதல், படுக்கையை நனைத்தல், காரணமற்ற வயிற்றுவலி, திடீர்ச் சினம், பாடத்தில் கவனமின்மை ஆகியவை அச்சத்தின் அடையாளங்களாக இருக்கலாம். இதை அறியாத ஆசிரியர் சோம்பல் என்றும் அடங்காமை என்றும் கருதித் தண்டிப்பார். தண்டனை அச்சத்தை மேலும் வளர்க்கும்.

2. ஒழுங்கு: வழிபாடு, பாடம், விளையாட்டு ஆகியவை அன்றாடம் அதே நேரத்தில் நடைபெற வேண்டும். அடுத்து என்ன நிகழும் என்பது தெரிந்தால் குழந்தையின் மனம் அமைதி பெறும். மாற்றம் இருப்பின் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

3. கேட்டல்: நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. 'அழாதே, மறந்துவிடு' என்பதும் ஆறுதல் அன்று. ஓவியமும் களிமண்ணும் விளையாட்டும் கிடைத்தால், பேச இயலாத குழந்தையும் தன் துயரை வெளிப்படுத்தும்.

4. எல்லை உணர்தல்: ஆசிரியர் மருத்துவர் அல்லர். ஒரு மாதத்திற்கு மேலும் உறக்கமின்மையும் அச்சமும் நீடித்தால், பெற்றோருடன் கலந்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையையும் நாடலாம்.

5. தன்னைக் காத்தல்: இதுவே பெரும்பாலும் மறக்கப்படுவது. பேரிடரில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களுள் ஆசிரியரும் இருப்பார். தம் துயரைச் சொல்லி அழ இடமில்லாதவர் பிறர் துயரைப் பொறுமையுடன் கேட்பது கடினம். ஆகவே, பயிற்சியின் முதல் நாள் ஆசிரியர்கள் ஒருவர்க்கொருவர் மனம் திறந்து பேசுவதற்கே உரியதாக இருத்தல் நலம்.

எண்ணெய் உள்ள விளக்கே ஒளி தரும். பிஞ்சு மனங்களைத் தேற்றும் பொறுப்பை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் சமுதாயம், அவரது மனத்தைப் பேணும் கடமையையும் ஏற்க வேண்டும்.