ஆர்.சி. புத்தகத்தில் தங்கிவிட்ட பெயர்

மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டவோ ஓட்ட விடவோ கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. காப்பீடு எடுத்தவர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு என்று கொண்டால், வண்டியால் அடிபடும் வழிப்போக்கர் மூன்றாம் தரப்பாகிறார். காப்பீடின்றி முதன்முறை பிடிபடுவோருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்போர் அஞ்சுவது இந்த இரண்டாயிரத்துக்குத்தான். அவர்கள் அஞ்ச வேண்டியதோ வேறொன்றுக்கு.

விற்றுவிட்ட வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், விற்றவரின் பெயரே நீடிப்பதுதான் அது. தவணைக் கடன் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரையே சட்டம் உரிமையாளர் என்கிறது. பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், அதை முன்பே விற்றுவிட்டிருந்தாலும் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிவந்த தம் சிறு சரக்கு வண்டியை விற்ற நாளில் இக்கட்டுரையாளர் இத்தீர்ப்பை அறிந்திருக்கவில்லை. உரிமை மாற்றத்தை அறிவிக்கும் 29ஆம் படிவத்திலும், பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் 30ஆம் படிவத்திலும், வாங்குபவர் பெயர் எழுதப்படாத நிலையிலேயே அவர் கையெழுத்திட்டார். "அடுத்த வாரம் பேர் மாத்திடலாம்" என்ற தரகரிடம் அவற்றை ஒப்படைத்துச் சாவியையும் தந்தார். இதை மடமை என்போர் உண்டு. ஆனால் இப்பகுதியில் பாதி வண்டிகள் வாய்ச்சொல்லில்தான் கைமாறுகின்றன. முகம் பார்த்துப் பழகியவரிடம் ரசீது கேட்பது இங்கு மரியாதைக் குறைவு. பெயர் மாற்றச் செலவை மிச்சப்படுத்தி அடுத்தவருக்கு விற்கும் நோக்கத்தில் தரகர் அப்படிவங்களை வெற்றாகவே வைத்திருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. காப்பீடு காலாவதியானது, எவரும் புதுப்பிக்கவில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில், வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒட்டிச் சென்ற மிதிவண்டிக்காரர் ஒருவரின் கால், விற்கப்பட்ட அச்சரக்கு வண்டியில் சிக்கியது.

வண்டி மாறும்போது உயிரோடுள்ள காப்பீடும் வாங்குபவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும் என்கிறது 157ஆம் பிரிவு; செத்த காப்பீட்டுக்கு அப்பிரிவு உதவாது. எனவே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதித்த தொகை முழுவதும் விற்றவர் தலையில் விழுந்தது. கட்டத் தவறினால், நிலவரிப் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியே அதை வசூலிக்க 174ஆம் பிரிவு இடமளிக்கிறது. வாங்கியவர்மேல் தனி வழக்குத் தொடரலாம். ஆனால் ஆள் அகப்பட வேண்டுமே.

ஆகவே விற்பவர், வாங்குபவரோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தாமே செல்ல வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் பதினான்கு நாளுக்குள் அதைத் தெரிவிப்பது 50ஆம் பிரிவின்படி விற்றவரின் கடமை. கட்டணம், புகைப்படம், கடன் நீக்கச் சான்று முதலியவை எவரும் அறிந்தவையே. 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் முறைப்படி ஒப்படைத்துத் தெரிவித்தால், அவரே உரிமையாளராகக் கருதப்படுகிறார்; தேநீர்க் கடை வாசலில் நின்று பேரம் முடிக்கும் தரகர் அந்த வணிகர் அல்லர். பெயர் மாறும்வரை மூன்றாம் தரப்புப் பிரீமியத்தை விற்றவரே கட்டிவருவது வீண் செலவாகத் தோன்றலாம். அந்தச் சில ஆயிரங்களைக் கட்டியிருந்தால் கட்டுரையாளரின் மனைவியுடைய நகைகள் அடகுக்கடைக்குப் போயிருக்கமாட்டா. தரகரோ இன்றும் அதே தேநீர்க் கடையில், 29ஆம் படிவக் கட்டொன்றைப் பையில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார்.